ஐந்து சதச் சோடா

கனகராயன்குளத்தில், கண்டி வீதியோரம் எனக்கு ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. சித்திரை வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவன் தேத்தண்ணியா கேட்பான்? சோடாதான் கேட்பான். அந்தச் சோடாவை மாங்குளத்திலிருந்து ஒருவர் ஒற்றை மாட்டு வண்டிலில் கொண்டுவந்து தருவார். முல்லைத்தீவுக் கடற்கரை ஆள், கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரர். கடல் தொழிலை விட்டுவிட்டு, கையால் சுற்றுகிற மெசின் ஒன்றை வாங்கிவைத்து, பெண்சாதியும் தானுமாகச் சோடா அடித்தார். ஒன்று பதினைந்து சதம்.

கழுத்துக்குள் கண்ணாடிக் குண்டு உருளுகிற போத்தல்கள். சோடாவை விடப் போத்தல்தான் விலை. கொழும்பிலிருந்து எடுப்பித்தவை, அவைதான் அவருடைய முழு முதல். நிறைந்த போத்தலை இறக்கிவிட்டுப் போவார். வெறும் போத்தல்கள் அவர் வரும்வரை என் கடைப் பின்பக்கத்துப் பெட்டிகளில் கிடக்கும்.

பிறகு ஒரு கொம்பனியின் லொறி வந்தது. அவர்களின் சோடா ஐந்து சதம்!

"தம்பி, உங்கடை முதலாளிக்கு விசரோ? சோடாவுக்குள்ளை அடைக்கிற காஸுக்கே இது காணாதே" என்று லொறியில் வந்த ஏஜண்டைக் கேட்டேன்.

"கொஞ்ச நாளைக்குத்தான் அண்ணை" என்று சிரித்தான்.

எதுவரைக்கும் கொஞ்ச நாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு வியாபாரம் நடந்தால் சரி. சனம் விழுந்தடித்துக்கொண்டு வந்து குடித்தது. மாங்குளத்துச் சோடாக்காரரும் பத்துச் சதத்துக்கு இறக்கிப் பார்த்தார். அதற்குக் கீழே அவரால் முடியவில்லை. ஆனாலும் மனிசன் அசையவில்லை.

"வைகாசியிலை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வண்டில் கட்டினனெண்டால் காணும் அண்ணை. அந்தச் சனத்துக்கு எத்தினை லொறி வந்தாலும் காணாது. அங்கை வித்தனெண்டால் இந்த வருசம் தாக்குப்பிடிப்பன்" என்றார்.

என் வாய் சும்மா கிடந்ததா? அடுத்தமுறை ஏஜண்ட் வந்தபோது, ஏதோ பெரிய பகிடி மாதிரி அதை அவனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. மறுகிழமை புதுக்கதையோடு வந்தான். சோடாக்காரருடைய வெறும் போத்தல் ஒன்று கொடுத்தால், கொம்பனிச் சோடா ஒன்று சும்மா.

"அவரின்ரை போத்தல் உங்களுக்கு என்னத்துக்கு?"

"எங்களுக்குத் தேவையில்லை அண்ணை. அவரிட்டை இருக்கக்கூடாது."

ஒளிக்காமல் சொன்னான். எனக்கும் வடிவாக விளங்கியது. விளங்கியும் எட்டுப் பெட்டியை என் கையாலேயே லொறியில் ஏற்றிவிட்டேன். சும்மா வருகிறது என்றவுடன் பல்லைக் காட்டிய சனியன் நான்.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்க அவர் வந்தார். "எல்லாப் போத்தலையும் எடுங்கோ அண்ணை, நிரப்ப வேணும்."

"ஐயோ, அதையேன் கேக்கிறியள்? எந்த நாசமறுவாங்களோ பெட்டியோடை தூக்கிக்கொண்டு போட்டாங்கள்!" என்று இல்லாத கள்ளனைத் திட்டித் தீர்த்தேன். அவர் பெட்டிகள் கிடந்த வெறும் நிலத்தைப் பார்த்தார். பிறகு என் தோளில் கையை வைத்தார். "நீங்கள் மனவருத்தப்படாதையுங்கோ. கடை வைச்சிருக்கிற ஆக்களுக்கு இப்பிடி நடக்கிறதுதானே."

வீதி நெடுகிலும் மற்றக் கடைக்காரரும் என்னைப்போலத்தான் செய்திருந்தார்கள். அது எனக்கு ஆறுதலா என்ன? அந்த வருசம் அவர் வற்றாப்பளைக்குப் போகவில்லை. ஆடிக்குள் மெசினையும் மாட்டையும் விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஆவணியில் கொம்பனிச் சோடா முப்பது சதம்.

ஏஜண்டில் பாய்ந்தேன். "வேறை ஆரிட்டை எடுக்கப்போறியள் அண்ணை?" என்றான் அவசரப்படாமல்.

அடுத்த வருசம் வீதிக்குத் தார் போட வந்த கூலியாட்களோடு அவரும் கடைக்குள் வந்தார். காலில் சாக்குச் சுற்றியிருந்தார். கூட வந்தவர்கள் சோடா கேட்டார்கள். விலையைக் கேட்டதும் அவர் மட்டும், "எனக்குப் பிளேன்ரீ காணும்" என்றார். பிறகு என்னைக் காட்டி அவர்களுக்குச் சொன்னார்:

"மற்றக் கடையளிலை போத்தலை எண்ணித்தான் விடுவன். இந்த அண்ணையின்ரை கடையிலை ஒருநாளும் எண்ணினதில்லை."

குடித்து முடித்துக் காசை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லி, அவர் ஏன் என்று கேட்டால் என்ன சொல்வேன்? வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டேன்.