கையை விட்டு நீங்காத ஈட்டி

ரிஸானா போனில் கோல் எடுத்தபோது நான் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். “டீச்சர், ஜெஸீமா மௌத்தாகிட்டாவாம். அவட மாப்பிள்ள இப்பதான் சொன்னார்” என்றார். இன்னாலில்லாஹி என்று வாய் சொன்னது. அதற்கு அடுத்து மனதில் வந்தது துக்கம் என்று எழுதினால் அது பொய். ‘நல்லவேளை, தீர்ப்பைச் சொல்லிவிட்டேன்’ என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை பிறகுதான் வந்தது, சாய்ந்தமருதிலிருந்து மருதமுனையிலுள்ள அவர் வீட்டுக்குப் போகும் ஓட்டோவில்.

ஜெஸீமாவோடு பிரதேச செயலகத்தில் வேலை செய்து, இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும் உங்களுக்கு இது என்ன தீர்ப்பு என்று விளங்காது. உங்களுக்கு அவர் அரசாங்கச் சுற்றுநிருபங்களை வரி வரியாக வாசித்து, யாருக்கு எந்த லீவு உண்டு, யாருக்கு இல்லை என்று கறாராகச் சொல்கிற உத்தியோகத்தர். அவரைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போனவர்கள் உங்களிலும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் தொழுதுவிட்டு அவர் ஈட்டியோடு பூதங்களை எதிர்த்துத் திரிந்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

அது ஒரு விளையாட்டு. கட்டாருக்குப் போன ரிஸானாவின் தம்பி விட்டுச் சென்ற தடித்த ஆங்கிலப் புத்தகத்திலிருந்து தொடங்கியது. ரிஸானா, ஜெஸீமா, ஹஸீனா, நான் என்று நாலு பேர், எல்லோரும் நாற்பது கடந்தவர்கள், ஹஸீனாவின் வீட்டில் கூடுவோம். ஆங்கிலம் படிப்பிக்கிறவள் என்பதால் கதையை நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. காடு, பாழடைந்த கோட்டை, அங்கே காத்திருக்கும் ஆபத்து எல்லாவற்றையும் நான் சொல்வேன். மற்ற மூவரும் ஆளுக்கொரு வீரராக மாறி, என்ன செய்கிறோம் என்பதைச் சொல்வார்கள். வாள் எவ்வளவு தூரம் எட்டும், அம்பு எப்போது தவறும் என்பதற்கெல்லாம் புத்தகத்தில் விதி உண்டு. விதி தெளிவில்லாத இடத்தில் தீர்ப்புச் சொல்வது என் வேலை. வாதாடுவது ஜெஸீமாவின் வேலை. அதை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை, தானாக எடுத்துக்கொண்டார்.

ஆனால் எல்லாவற்றிலும் வாதாடுகிறவர் அல்ல அவர். புத்தகத்தோடு இருபது பக்கமுள்ள தாயக்கட்டை ஒன்றும் வந்தது. அதை உருட்டித்தான் அடி பட்டதா இல்லையா என்று பார்க்க வேண்டும். ஹஸீனாவின் மாமியார் அதைக் கண்டுவிட்டு, தாயம் உருட்டுவது மார்க்கத்தில் கூடாது என்றார். ஜெஸீமா இதற்கு ஒரு விரிவுரை நடத்தப்போகிறார் என்று நாங்கள் சாய்ந்து உட்கார்ந்தோம். அவரோ, “ஓம் மாமி, சரிதான்” என்று கட்டையை உறைக்குள் போட்டுக் கட்டினார். அடுத்த கிழமை ஒன்று முதல் இருபது வரை இலக்கம் எழுதிய சட்டைப் பொத்தான்களை ஒரு சீலைப் பைக்குள் கொண்டுவந்தார். பார்க்காமல் கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். ஏன் வாதாடவில்லை என்று கேட்டேன். “விளையாட்டுட விதியில ஓட்ட தேடலாம் டீச்சர். மாமிட மனசில தேடக்கூடா” என்றார். அந்த மாமியார் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தேத்தண்ணி கொண்டுவரும் சாட்டில் கதவடியில் நின்று, பூதம் செத்ததா இல்லையா என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

வலைச் சண்டையை ரிஸானா இன்றைக்கும் மறக்கவில்லை. ஹஸீனாவின் வீராங்கனையிடம் ஒரு வலை இருந்தது. வலையில் அகப்பட்ட எதுவும் அசைய முடியாது என்று ஆயுதப் பட்டியல் சொன்னது. அவர் அதை ஓர் அரக்கன் மீது வீசினார், பொத்தானும் நல்லதாக வந்தது. அரக்கனைப் பற்றிய பக்கத்தில், எந்தக் கட்டும் அவனைப் பிடிக்காது என்று இருந்தது. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஜெஸீமா தன் கட்சிக்கு எதிராகவே பேசத் தொடங்கிவிட்டார். “பொதுவாச் சொன்னதும் தனியாச் சொன்னதும் மோதினா, தனியாச் சொன்னதுதான் நிக்கும். லீவுச் சுற்றுநிருபத்திலயும் அப்பிடித்தான். வல புடிக்காது.” அரக்கன் வலையைப் பிய்த்துக்கொண்டு வந்தான், மூவரும் தலைதெறிக்க ஓடினார்கள். “நீ ஆரு பக்கம் கா?” என்று ரிஸானா சீறினார். “தோத்தாப் பரவால்ல. தீர்ப்பு ஒழுங்கா இரிக்கணும்” என்றார் ஜெஸீமா. ரிஸானா இரண்டு கிழமை அவரோடு கதைக்கவில்லை.

இனி ஈட்டிக்கு வருகிறேன். ஜெஸீமாவின் வீராங்கனைக்கு ஸஹ்ரா என்று பெயர். ஒரு குகையில் அவளுக்கு மந்திர ஈட்டி ஒன்று கிடைத்தது. ‘உரிமையாளர் உயிரோடிருக்கும்வரை இது அவர் கையை விட்டு நீங்காது’ என்று புத்தகம் சொன்னது. எதிரி தட்டிப் பறிக்க முடியாது என்று நாங்கள் மகிழ்ந்தோம். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிறு, பெரும் பள்ளம் ஒன்றின் மேல் தொங்கும் கயிற்றுப் பாலத்தில் ஸஹ்ரா நின்றாள். நண்பர்கள் இருவரும் காயப்பட்டு அவளுக்குப் பின்னால் கரையில் கிடந்தார்கள். அக்கரையிலிருந்து நெருப்புப் பூதம் பாலத்தில் ஏறி வந்தது. கிட்ட வந்தால் மூவருக்கும் முடிவுதான். பாலத்தை அறுக்கலாம், ஆனால் கயிற்று முடிச்சு பாலத்தின் மேல் நின்றால்தான் எட்டும், அறுக்கிறவரும் பாலத்தோடு போவார் என்று நானே சொல்லியிருந்தேன். ஜெஸீமா, “பூதம் கிட்ட வாறதுக்கு முன்ன நான் ஈட்டிய எறியிறன்” என்றார்.

எறியலாமா? எந்த ஈட்டியையும் எறியலாம் என்று ஆயுதப் பட்டியல் சொல்கிறது. இந்த ஈட்டி கையை விட்டு நீங்காது என்று அதன் குறிப்பு சொல்கிறது. பறிக்க முடியாது என்பதுதான் அதன் பொருளா, எறியவும் முடியாது என்பதா? மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. “அடுத்த கிழம சொல்றன்” என்று புத்தகத்தை மூடினேன்.

அடுத்த கிழமை ஜெஸீமா கொழும்பில், ஆஸ்பத்திரியில் இருந்தார். வயிற்று நோவு என்று போனவருக்கு டொக்டர்மார் வேறு பெயர் சொன்னார்கள். மாதங்கள் போயின. எறியலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஸஹ்ரா பிழைத்துவிடுவாள், நோயில் கிடக்கும் மனுசிக்கு ஒரு சந்தோஷம். இதைவிட இலேசான காரியம் உலகத்தில் இல்லை. அப்படித்தான் சொல்வதென்று நினைத்திருந்தபோது அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. மூச்சு வாங்க வாங்கச் சொல்லியிருந்தார்: “டீச்சர், ஈட்டிட தீர்ப்பு இன்னும் வரல்ல. எனக்குச் சுகமில்ல எண்டு விட்டுத்தந்திராதங்க. அது எனக்குத் தெரிஞ்சிரும்.”

தெரிந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவருக்குச் சாதகமாக ஒரு சொல்லாவது அகப்படாதா என்று தேடினேன். எங்கே தேடினாலும் வலைச் சண்டைதான் குறுக்கே வந்து நின்றது. தனியாகச் சொன்னதுதான் நிற்கும் என்று வாதாடி வென்றவரே அவர்தான். அந்த நாட்களில் எனக்கு ஜெஸீமா மேல் சரியான கோபம். இப்படி ஒரு விதியை ஏன்தான் வாய் திறந்து சொன்னாரோ என்று தனியே இருந்து ஏசியிருக்கிறேன். சொல்லாமலே காலம் போய், அவரும் போய்விடுவாரோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டொக்டர்மார் அவரை அனுப்பிவிட்டார்கள். நாங்கள் மூவரும் ஒரு பின்னேரம் போனோம். கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே சிறுத்துப்போய்க் கிடந்தார். சுகம் விசாரிக்க விடவில்லை. “தீர்ப்பு?” என்றார்.

“எறியேலா, முடியாது” என்றேன். திரும்பவும் சொன்னேன். “கைய விட்டு நீங்காது எண்டு தனியாப் போட்டிரிக்கி ஜெஸீமா. எறியேலா.”

ஹஸீனா என் கையைக் கிள்ளினார். ரிஸானா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெஸீமா, “சரி. ஈட்டி என்ட கைய விட்டுப் போகாது. அப்ப என்ட கையும் ஈட்டிய விட்டுப் போகாதுதானே?” என்று கேட்டார்.

“ஓம், போகாது.”

“அப்ப ஈட்டியக் கரக் கல்லுக்குள்ள இறுக்கிக் குத்துறன். மத்தக் கையால கத்தியெடுத்துப் பாலத்த அறுக்கிறன். பூதம் பாலத்தோட போகும். நான் ஈட்டியில தொங்குவன். விழ நெனச்சாலும் விழேலா. இல்லையெண்டு எங்க போட்டிரிக்கி, காட்டுங்க.”

காட்ட ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் கல்லில் ஈட்டி இறங்க வேண்டுமே. விட்டுக்கொடுக்க வேண்டாம் என்றவர் அவர், நானும் விடவில்லை. பத்துக்கு மேலே வரவேண்டும் என்று, கையோடு கொண்டுபோயிருந்த பொத்தான் பையை நீட்டினேன். ஊசி குத்திக் குத்திக் கறுத்த கையைப் பைக்குள் விட்டார். பதினாலு வந்தது. ரிஸானா போட்ட சத்தத்தில் ஜெஸீமாவின் கணவர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து பார்த்தார். கட்டிலில் கிடந்தவர் நோவோடு நோவாகச் சிரித்துக்கொண்டிருந்தார். காயப்பட்ட நண்பர்கள் ஊர்ந்து வந்து ஸஹ்ராவை மேலே தூக்கிவிட்டார்கள்.

நாங்கள் எழும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். “இப்ப எல்லாரும் எனக்கு ஓம், ஓம் எண்டுதான் சொல்றாங்க டீச்சர். சாப்பிடல்ல எண்டாலும் ஓம், ஏசினாலும் ஓம். நான் மௌத்தாகிட்டன் எண்டு நெனச்சித்தான் கதைக்காங்க. நீங்க ஒராளாவது ‘ஏலா’ எண்டு சொன்னீங்க.” அதுதான் அவர் என்னிடம் கடைசியாகக் கதைத்தது. ஒரு பொய்யான ‘ஓம்’ சொல்லி அவரை அனுப்பியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அல்லாஹ் காப்பாற்றினான்.

சென்ற ஞாயிறு மூவரும் மீண்டும் கூடினோம். விளையாட அல்ல, சும்மா இருக்கத்தான். பொத்தான் பை என்னிடம் இருக்கிறது. அதை நான் வைத்துக்கொள்வது என்று முடிவானது. ஹஸீனா தயங்கித் தயங்கி, “ஜெஸீமா போயிட்டா. உயிரோட இரிக்கும்வரதானே அந்த ஈட்டி? இனி அது ஆருக்கு?” என்று கேட்டார். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் புத்தகத்தை எடுத்து, ஜெஸீமா வாசிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தேன். ஈட்டியின் உரிமையாளர் ஸஹ்ரா. விளையாடுகிறவர் மௌத்தானால் வீராங்கனையும் மௌத்து என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. அவளைத் தூக்கிவிட்டதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் நடக்கவும் இல்லை.

“ஒருத்தருக்கும் இல்ல” என்றேன். “அது அவட கையிலதான் இரிக்கி.”

மாமியார் கதவடியில் தேத்தண்ணியோடு நின்றார். அன்றைக்கு அவர் பூதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எப்போதும்போல நாலு கோப்பை கொண்டுவந்திருந்தார்.