வெங்காயச் சீசாவும் ஒற்றைத் தும்மலும்

பாடாங் செராயிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில் பக்கிரிசாமிக்குப் பகலெல்லாம் புகைவீட்டில் வேலை. ரப்பர்த் தகடுகளைக் கம்பில் தொங்கவிட்டு, விறகு தள்ளி, புகை போட வேண்டும். சாயங்காலம் குளித்துத் திருநீறு பூசி, மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றியதும் அவர் வைத்தியர். படத்துக்குக் கீழே ஒரு மரப்பெட்டி. அதில் விரல் நீளச் சீசாக்கள். சீசாக்களில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை மாத்திரைகள். சண்டைக்கு முன்னால் கப்பலேறி ஊருக்குத் திரும்பிய ஒரு கம்பவுண்டர் அந்தப் பெட்டியையும் ஒரு மெல்லிய ஹோமியோபதி புத்தகத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு பக்கிரிசாமி அதை எழுத்துக் கூட்டியே படித்து முடித்திருந்தார். யாரிடமும் காசு வாங்கமாட்டார். "குணமானா அம்மனுக்கு ஒரு பூ வையி" என்பதோடு சரி.

பங்குனியில் ரப்பர் மரம் துளிர்த்துப் பூக்கும்போது சிலருக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். அதற்கு அவர் கொடுப்பது வெங்காயச் சீசா மாத்திரை. வெங்காயம் நறுக்கினால் சுகமாக இருக்கிறவனுக்கும் மூக்கு ஒழுகுகிறதே, அதையே அணுவளவாக்கி உள்ளே கொடுத்தால் ஒழுகுகிற மூக்கு நிற்கும் என்று புத்தகம் சொன்னது. அவர் அதை நம்பினார். நம்பிக் கொடுத்தார்.

ஜப்பான்காரன் வந்து இரண்டாவது பங்குனி அது. அந்த வருஷம் தும்மல்காரர்கள் ஒன்றுக்குப் பத்தானார்கள். தொழிலாளர் வீடுகளான லயத்தில் பாதிப் பேர் மூக்கைத் தேய்த்துக்கொண்டு அவர் வாசலில் நின்றார்கள். பூ அதிகம் போலிருக்கிறது என்று பக்கிரிசாமி நினைத்தார். கடையில் சீனி மறைந்து மூன்று மாதமாகிறது என்பதையும், தம்முடைய மாத்திரை தித்திக்கும் என்பதையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வரிசையை விலக்கிக்கொண்டு உமையாள் வந்தாள். பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் இறக்கும் பரஞ்சோதியின் பெண்சாதி. கல்யாணமாகி ஏழு மாதம்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை காலையில பெரட்டுல பேரு கூப்பிட்டதும், எல்லாரும் கிழக்கப் பாத்து அவங்க ராசாவுக்குக் குனிஞ்சி நிக்கிறப்ப இவரு ஏழு தும்மல் போட்டுட்டாருண்ணே. தோட்டத்து ஜப்பான் தொரை, அந்தத் துவான், கிட்ட வந்து பேரு கேட்டான். வர்ற வெள்ளியும் இப்படின்னா ஆள் பேரு எழுதுற செக்ரோல் ஏட்டுலேருந்து பேரை வெட்டிருவேன்னு சொல்லிட்டானாம். பேரு இல்லாதவனைத்தான் மொதல்ல சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போறாங்க."

சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர்களிடமிருந்து ஒரு கடிதாசியும் வரவில்லை. பக்கிரிசாமி பெட்டியைத் திறந்து வெங்காயச் சீசாவை உள்ளங்கையில் கவிழ்த்தார். ஒன்பது மாத்திரை. இப்போது ஒன்று, வியாழன் மாலை வரை காலையும் மாலையும் ஒவ்வொன்று. சரியாக ஒன்பது. வெளியே கொடுக்க ஒன்றுகூட மிஞ்சாது.

வாசலில் நின்றவர்களை விரட்ட அவருக்கு மனம் வரவில்லை. ஒருவேளை அங்கேயும் நிஜ நோயாளி இருந்தால்? புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள கேள்விகளை ஒவ்வொருவரிடமும் கேட்க ஆரம்பித்தார். முதலில் காளியம்மா. லயத்திலேயே பெரிய தொண்டை அவளுக்குத்தான்.

"காளியம்மாக்கா, மூக்கு எரியுதா, கண்ணு எரியுதா?"

"எது எரிஞ்சா மாத்திரை குடுப்பீங்க?"

"புழுக்கத்துல கூடுதா, காத்தாட நின்னாக் கூடுதா?"

"மாத்திரை சாப்பிட்டாக் குறையுது லா."

வரிசையில் சிரிப்பு. பக்கிரிசாமி அவள் முகத்தையே பார்த்தார். காளியம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாக்குல இனிப்பு பட்டு மூணு மாசமாச்சு சாமி. மரவள்ளிக்கிழங்கே தின்னு தின்னு நாக்கு செத்துப் போச்சு. அதான்..."

அவர் கோபப்படவில்லை. விஷயத்தைச் சொன்னார், ஒன்பது மாத்திரை, ஒரு மனிதன், வெள்ளிக்கிழமை. கூட்டம் கலைந்தது. காளியம்மா மட்டும் உமையாள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

பரஞ்சோதியிடமும் அதே கேள்விகள். மூக்கு எரிகிறது, கண்ணில் வெறும் தண்ணீர். புழுக்கத்தில் கூடுகிறது, காற்றில் குறைகிறது. புத்தகத்தில் வெங்காயத்துக்குப் போட்டிருந்த அடையாளம் அப்படியே பொருந்தியது. செவ்வாயன்று தும்மல் பாதியானது. வியாழனன்று மூன்றோ நான்கோ. மருந்தோ, பூ கொட்டித் தீர்ந்ததோ, அம்மன் கண் திறந்தாளோ, எல்லாம் ஒன்றுதான் என்று பக்கிரிசாமி கும்பிட்டுக்கொண்டார். வெள்ளி விடியலில், வெறும் சீசாவில் ஆறிய வெந்நீர் ஊற்றி, உள்ளங்கையில் பத்துத் தரம் தட்டிக் குலுக்கி, அதையும் பரஞ்சோதி வாயில் விட்டார்.

பெரட்டுக் களத்தில் ஜப்பான் துவான் கிழக்கே திரும்பி நின்றான். எல்லோரும் குனிந்தார்கள். பக்கிரிசாமி குனிந்தபடியே பரஞ்சோதியை ஓரக்கண்ணால் பார்த்தார். மூக்கு துடித்தது. மூச்சை அடக்கினான். காது சிவந்தது. தலை நிமிரும் நேரத்தில், "அச்!"

ஒரே ஒரு தும்மல். களம் முழுக்கக் கேட்டது. துவான் சட்டென்று திரும்பினான்.

வேலைக்குப் புறப்படும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் காரியம் கெடும். உடனே இன்னொன்று விழுந்து இரட்டையாகிவிட்டால் தோஷமில்லை. தோட்டத்துச் சனத்துக்கு இது ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. பின்வரிசையிலிருந்து காளியம்மா தன்னையறியாமல் இரட்டையாக்கினாள்.

"ஹாச்சூ!"

மாத்திரைக்காக ஒரு மாதம் பழகிய தும்மல் அது. நிஜத்தைவிட நன்றாக இருந்தது. அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் தொடர்ந்தாள். அப்புறம் முன்வரிசை. அப்புறம் பக்கிரிசாமி வாசலில் கியூவில் நின்ற அத்தனை மூக்கும். ஐம்பது பேர் தும்மினார்கள். கங்காணிகூட ஒன்று போட்டார். அது நிஜமா பொய்யா என்று இன்றுவரை தெரியாது.

துவான், செக்ரோல் எழுதும் கிராணியைப் பார்த்தான். கிராணி அவசரமாக அண்ணாந்து மரத்தைக் காட்டினார். "பூங்கா கெத்தா, துவான்! பூங்கா கெத்தா!" மலாய்ப் பேச்சில் ரப்பர்ப் பூவாம். துவான் பூவைப் பார்த்தான், ஐம்பது மூக்கையும் பார்த்தான். கைக்குட்டையை எடுத்துத் தன் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று காருக்குப் போனான். யார் பேரை வெட்டுவான், எத்தனை பேரை வெட்டுவான்? செக்ரோலில் பரஞ்சோதியின் பேர் அப்படியே நின்றது. கிராணி உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலை அம்மன் படத்துக்கு உமையாள் கை நிறையச் செம்பருத்தி கொண்டுவந்து வைத்தாள். பின்னாலேயே காளியம்மா.

"சாமி, பொய்யாத் தும்மித் தும்மி இப்ப நெசமாவே வந்துருச்சு. மூக்கு எரியுது."

"கண்ணு?"

"கண்ணு எரியல. சும்மா தண்ணி வடியுது."

"காத்துல நின்னா?"

"தேவல."

பக்கிரிசாமி புத்தகத்தைத் திறக்கவே இல்லை. வெங்காயச் சீசாவில் மிச்சமிருந்த தண்ணீரைத் தட்டிக் குலுக்கி அவள் நாக்கில் விட்டார். காளியம்மா சப்புக்கொட்டிப் பார்த்தாள்.

"இனிக்கவே இல்லையே சாமி!"

"நெசத் தும்மலுக்கு இது போதும்க்கா" என்று சொல்லிவிட்டு, அவர் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.