காப்புக்காடு என்றதும் அக்கா சிரித்தார்

அக்காவின் ஓராண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பிழை இருந்தால், அக்கா என்னைப் பொறுத்ததுபோல் நீங்களும் பொறுக்க வேண்டும்.

அக்கா பிறந்தது அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் உள்ள எங்கள் திட்டில். முதலியார்பேட்டை மில் தொழிலாளி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டார். மில் மூடியது. அடுத்த ஆண்டே மாமாவும் காலமானார். அக்கா இரண்டு பெண் குழந்தைகளுடன் தோணியேறித் திட்டுக்கே திரும்பினார். கண்டல் மர வேர்களுக்கிடையே சேற்றில் கைவிட்டு நண்டு பிடித்து, நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் விற்றார். நண்டு கவ்வியதில் ஆள்காட்டி விரல் நுனி போனது. அதற்காக ஒரு நாள் வீட்டில் இருந்தார். நான் அப்போது லாரி கிளீனராக எங்கோ சுற்றிக்கொண்டிருந்தேன். பெண்களைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தது அந்த நண்டுதான்.

கண்டல் காட்டுக்குள் எங்கள் அம்மன் இருக்கிறாள். ஆடி பிறந்ததும் அவள் பேரில் ஒருவர் கையில் மஞ்சள் கயிற்றால் காப்பு கட்டுவோம். ஆடி முடிந்து அதை அவிழ்க்கும்வரை காட்டில் யாரும் கிளை ஒடிக்கக் கூடாது, நண்டு பிடிக்கக் கூடாது. காப்பு கட்டியவர் ஆற்றைத் தாண்டக் கூடாது. எங்கள் அம்மாவுக்குப் பின் அந்த மஞ்சள் கயிறு அக்காவின் கைக்கு வந்தது.

சுனாமியின்போது அலையைத் தாங்கியது இந்தக் காடுதான் என்று கேள்விப்பட்டு, பிறகு வனத்துறை அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் எங்களைக் கூட்டிவைத்து, "இது இனிமே காப்புக்காடும்மா" என்றார். ஜவ்வாது மலைப் பக்கம் லோடு ஏற்றப் போனபோது 'காப்புக்காடு' என்ற வனத்துறைப் பலகையைப் பார்த்திருக்கிறேன். உள்ளே கால் வைத்தால் வழக்கு. நண்டும் போச்சு, அம்மனும் போச்சு என்று நினைத்தேன்.

படிக்காத அக்காவுக்கோ வாயெல்லாம் சிரிப்பு. "எப்பவுமே இது காப்புக்காடுதான் சார்! ஆடிக்கு ஆடி நான்தான கட்டுறேன்!"

அதிகாரி விழித்தார். நான் அக்காவின் முந்தானையை இழுத்தேன். "சும்மா இருக்கா. அது வேற காப்பு. மானம் போவுது."

"ஊர் ஊரா சுத்தினவனுக்கு மானம் போவுதாம்! நீ சும்மா இருடா. சார், அது சினை நண்டு கெடக்குற மாசம். ஒருத்தன் கை வெக்கமாட்டான். அவுத்த பொறவுதான் எறங்குவோம்."

அதிகாரி பேனாவை எடுத்தார். "எப்ப கட்டுவீங்க, எப்ப அவுப்பீங்க? சொல்லுங்கம்மா, எழுதிக்கிறேன்."

அதன் பிறகு அதை ஆணையாக வாங்க அக்கா இரண்டு ஆண்டுகள் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். கடைசியில் பலகை நட்டார்கள்: மரம் வெட்டக் கூடாது, ஆடியில் யாரும் நுழையக் கூடாது, மற்ற நாட்களில் திட்டு மக்கள் கையால் நண்டு பிடிக்கலாம். என்னை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

சென்ற ஆண்டு சிறுநீரகம் கெட்டுப் படுத்துவிட்டார். ஆடி வந்தது. கயிற்றை என் கையில் கட்டச் சொன்னார். "இவனுக்குக் கட்டுனாத்தான் ஒரு மாசமாவது ஊர் தங்குவான்."

திட்டில் சாவு விழுந்தால் காப்பைப் பாதியில் அறுத்துவிட வேண்டும். அக்காவுக்கு இருந்த ஒரே பயம் அதுதான். தினமும் காலையில், "எத்தினி நாள் இருக்கு?" என்பார். அம்மன் முன்னால் கயிற்றை அவிழ்த்துவிட்டு நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "அவுத்தாச்சா?" என்றார்.

"அவுத்தாச்சுக்கா."

"அப்ப சரி" என்று கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார். மூன்றாம் நாள் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். அழுதோம். ஆனாலும் அக்கா நினைத்தபடி நடந்ததே என்று மனது லேசானது.

தோணியில் வந்து ஊசி போட்ட நர்ஸ் அம்மாவுக்கும், எந்த நேரமும் கூலி கேட்காமல் துடுப்புப் போட்டவருக்கும், மாற்றலாகிப் போன பிறகும் மாலையோடு வந்த அந்த அதிகாரிக்கும், அன்று தோள் கொடுத்த திட்டு மக்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த ஆடியிலும் காப்பு என் கையில்தான். கட்டச் சொல்ல இந்த முறை யாரும் இல்லை. நானே கையை நீட்டினேன். ஒரு மாதம் ஆற்றைத் தாண்டவில்லை.