தீர்ப்புக்கு முந்தைய வெள்ளிக்கிழமை

வாழையிலையில் மடித்து நாரால் கட்டிய இரண்டு சின்னப் பொட்டலங்கள். பித்தளைத் தட்டில், அம்மன் காலடியில் அருகருகே இருந்தன. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெரு மாரியம்மன் கோயில். தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அந்தத் தட்டைச் சுற்றி நின்ற கூட்டத்தில் நானும் இருந்தேன். ஆடித் திருவிழாவுக்குக்கூட அந்தக் கோயிலில் அப்படியொரு கூட்டம் சேர்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் சத்தம் மட்டும் இல்லை. கைக்குழந்தையை வைத்திருந்தவள்கூட அதன் வாயைப் பொத்தாத குறையாக நின்றாள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்புப் பூ. எதில் எது என்று கட்டியவளுக்கு மட்டும்தான் தெரியும். கட்டியவள் பூக்கார அக்கா. உள்ளே இருந்தது அவள் தம்பியின் கதி.

அந்தக் கோயில் மதில் ஓரமாக உட்கார்ந்து அவள் பூ விற்றாள். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அம்மா செத்தபிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த ஒரே தம்பி, ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். வாய் என்றால் அப்படியொரு வாய் அவளுக்கு. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் ஆபீஸில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். அதனால் எனக்கு அவள் வைத்த பெயர் ‘டைப்பு’. “இன்னா டைப்பு, தலைல பூ இல்லாம போனா உங்க சேட்டு சம்பளத்தக் கொறச்சிடுவான்டி” என்று சொல்லி, வேண்டாம் என்றாலும் ஒரு துண்டு மல்லியைச் செருகி அனுப்புவாள்.

ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு நாள் சவாரித் தகராறு. பேச்சு முற்றி, கைகலப்பாகி, கடைசியில் மூன்றாவது கிராஸ் என்கிற குறுக்குத்தெருவில் ஒரு வீட்டுப் பெரிய மகன் வயிற்றில் கத்தி பாய்ந்து செத்துப்போனான். அன்று மல்லுக்கட்டியவர்கள் நாலைந்து பேர். போலீஸ் பிடித்தது அக்காவின் தம்பியை. ஜாமீன் கிடைக்கவில்லை. வழக்கு ஆமை வேகத்தில் நகர்ந்து, ஒருவழியாக இரண்டு பக்க வக்கீல்களும் பேசி முடித்து, வருகிற திங்கட்கிழமை தீர்ப்பு என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம் எங்கள் தெருவில் நீதிபதி இல்லாத வீடு கிடையாது. கன்டோன்மெண்டில் வெள்ளைக்காரன் காலத்தில் ஜூரி என்று ஒன்று இருந்ததாம், பிறகு அதை எடுத்துவிட்டார்களாம் என்று எங்கள் மேனேஜர் ஒருமுறை சொன்னார். எடுத்தது கோர்ட்டில்தான். குழாயடியில் யாரும் எடுக்கவில்லை. குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் சாட்சிகளை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றினார்கள். “அவன் மூஞ்சியப் பாத்தா கத்தி எடுக்கறவன் மாதிரியா இருக்குது?” என்று ஒருத்தி. “மூஞ்சியப் பாத்து மாப்பிள்ள எடுத்துதான் நீ இந்தக் கதில இருக்கற” என்று இன்னொருத்தி. உண்மையில் பார்த்தவர்கள் எல்லாம் கோர்ட்டுக்குப் போய், ‘பார்க்கவில்லை’ என்று சொல்லிவிட்டார்கள். பார்க்காதவர்கள் குழாயடிக்கு வந்து, பக்கத்தில் நின்று பார்த்ததாகச் சொன்னார்கள். என்னிடம் வேறு வந்து, “நீதான் இங்கிலீஷ் டைப் அடிக்கறியே, எந்த செக்ஷன்ல உள்ள போடுவாங்க?” என்று கேட்டார்கள். நான் அடித்தது இரும்புச் சாமான் விலைப்பட்டியல். சொன்னால் நம்பமாட்டார்கள்.

ஆண்களின் கோர்ட் சலூனில் நடந்தது. சலூன்காரர் கன்னடக்காரர், தமிழும் சரளமாகப் பேசுவார். பாதி முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருப்பவரை அப்படியே விட்டுவிட்டு, கத்தியை ஆட்டிக்கொண்டு, “ஷிக்ஷெ ஆகத்தெ, நோட்தா இரி. தண்டனை நிச்சயம்” என்பார். மறுநாள் வேறொருவர் சோப்போடு உட்கார்ந்திருக்கும்போது, விடுதலை நிச்சயம் என்பார். கேட்டுச் சிரிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்தால் சிரிப்பு போய்விடும். எப்போதும் ஒரே வரிசையாக நிற்கும் வண்டிகள் அந்த வாரம் இரண்டு வரிசையாக நின்றன. எதிர் வரிசைக்காரனிடம் யாரும் பீடிக்கு நெருப்புக்கூடக் கேட்கவில்லை. செத்தவனின் தம்பி, சின்னவன் என்று கூப்பிடுவார்கள், இரண்டாவது வரிசையின் தலையில் தன் வண்டியை நிறுத்தியிருந்தான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த பையன். “ஜட்ஜ் உள்ள வெச்சா அவன் பொழச்சான். வெளிய வுட்டா நம்ம கைல இருக்குது” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். சும்மா சொல்கிற குரல் இல்லை அது.

ஆகவே அந்த வாரம் தெரு பயந்தது தண்டனையை நினைத்து இல்லை, விடுதலையை நினைத்து. அக்கா வந்தால் குழாயடி கப்சிப் ஆகிவிடும். “பேசுங்கடி, நான் வந்தா பஞ்சாயத்த ஏன் கலைக்கறீங்க?” என்பாள். யாரும் சிரிக்கமாட்டார்கள். அவளும் இல்லை. பூத்தொடுக்கும்போது அவள் விரல்கள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் இடையிடையே சரம் அறுந்தது. அவள் கையில் சரம் அறுந்து நான் அதற்கு முன்பு பார்த்ததே இல்லை.

பூக்கட்டிப் பார்க்கலாம் என்று யார் முதலில் சொன்னார்கள் என்பது ஞாபகம் இல்லை. எங்கள் தெருவில் அது வழக்கம்தான். பெண் எடுப்பதா வேண்டாமா, வீடு மாறுவதா வேண்டாமா, ஆபரேஷன் செய்துகொள்வதா வேண்டாமா, எல்லாவற்றுக்கும் அம்மன் வாக்குத்தான். வெள்ளை அரளி வந்தால் நல்லது, சிவப்பு அரளி வந்தால் ஆகாது. விவரம் தெரியாத ஒரு பெண் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பொட்டலங்களைக் காலங்காலமாகக் கட்டித் தந்தது பூக்கார அக்காதான். அவள் கை சுத்தம் என்று தெருவுக்கே நம்பிக்கை. ஆனால் ஒரு கொலை வழக்கை அம்மனிடம் கொண்டுபோனது அதுவரை இல்லை. ஊர்ப் பெரியவர்கள் போய் மூன்றாவது கிராஸ் அம்மாவிடம் கேட்டார்கள். செத்தவனுக்கும் சின்னவனுக்கும் தாய் அவள். மாநகராட்சியில் தெருப் பெருக்கும் வேலை. மகன் போனதிலிருந்து யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவள். யோசித்துவிட்டுச் சொன்னாளாம்: “ஜட்ஜு சொல்றது எனக்குப் புரியாது. அம்மா சொல்லட்டும். அவ அவன வுட்டுட்டான்னா எங்க ஊட்ல ஒருத்தனும் கத்தியத் தொடமாட்டான்.” சின்னவன் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்தானாம். ஆனால் தாய் வார்த்தைக்கு எதிர்வார்த்தை சொல்லவில்லை.

இந்த முறை பூசாரி பெண்சாதி கட்டட்டும் என்றார்கள். நியாயம்தானே? குற்றவாளிக் கூண்டில் நிற்பவனின் அக்கா கையில் தீர்ப்பைக் கொடுப்பார்களா? மூன்றாவது கிராஸ் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “எப்பவும் யாரு கட்டறாளோ அவளே கட்டட்டும்” என்று மட்டும் சொன்னாளாம். இதென்ன பைத்தியக்காரத்தனம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. அக்கா தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றாள். பூசாரி கற்பூரம் காட்டினார். பால்வாடிக்குப் போகிற ஒரு சின்னப் பெண்ணை முன்னால் தள்ளினார்கள். அது ஒன்றைத் தொட்டு, கையை எடுத்து, மற்றதைத் தொட்டது. கடைசியில் முதலில் தொட்டதையே எடுத்துப் பூசாரியிடம் நீட்டியது. அவர் நாரை அவிழ்த்தார். வெள்ளை. வெள்ளை அரளிக்குப் பதில் மல்லி இருந்தது. “இன்னா, மல்லி வெச்சுட்ட?” என்று கேட்டார். “மார்க்கெட்ல வெள்ளரளி வரல சாமி” என்றாள். வெள்ளை வெள்ளைதானே, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்டோக்காரர்களில் பாதிப் பேர் கை தட்டினார்கள். மீதிப் பேர் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சின்னவன்தான் முதலில் சொன்னான். “இன்னொன்னயும் பிரிங்க.” எடுக்காத பொட்டலத்தைப் பிரிப்பது எங்கள் வழக்கம் இல்லை. அப்படியே கொண்டுபோய் மரத்தடியில் போட்டுவிடுவார்கள். ஆனால் சலூன்காரர் உட்பட நாலு பேர், பிரித்துவிட்டால் ஒரு சந்தேகமும் இருக்காதே என்று இழுத்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அந்த முகத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. ரத்தமே இல்லாத முகம். அப்போதுதான் எனக்குச் சுரீரென்று உறைத்தது. இவள் என்ன செய்து வைத்திருக்கிறாள்? பூசாரி தட்டை நோக்கிக் கையை நீட்டினார். அதற்குள் மூன்றாவது கிராஸ் அம்மா குனிந்து பொட்டலத்தை எடுத்துவிட்டாள். “அம்மா வாக்குக் குடுத்தப்புறம் அவளையே சோதிக்கறதா? நல்லா இருக்குதுடா உங்க பக்தி” என்று சொல்லி, அதை இடுப்பில் செருகிக்கொண்டு, சின்னவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

திங்கட்கிழமை கோர்ட்டும் விடுதலை என்றுதான் சொன்னது. சாட்சி போதவில்லையாம். தம்பி வீட்டுக்கு வந்தபோது தெருமுனையில் சின்னவன் நின்றுகொண்டிருந்தான். அக்கா தம்பிக்கு முன்னால் நடந்தாள், கத்தி வந்தால் முதலில் தன் மேல் படட்டும் என்பதுபோல. சின்னவன் நகரவில்லை. அவர்கள் கடந்து போகிறவரை பார்த்துக்கொண்டே நின்றான், பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டு போய்விட்டான். ஆட்டோ ஸ்டாண்டில் இரண்டு வரிசை மறுபடியும் ஒன்றாக ஆவதற்கு மாதக்கணக்கில் ஆயிற்று. குழாயடி வேறு வழக்குக்குப் போனது.

தம்பி உண்மையில் குத்தினானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்காவிடம் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. இப்போது டெலிவிஷனில் நாலு பேர் உட்கார்ந்து, தீர்ப்பு வராத வழக்குக்குத் தீர்ப்பு சொல்வதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் குழாயடி நினைவுக்கு வருகிறது. இவர்களுக்கும் கோபம் இருக்கிறது, சாமர்த்தியம் இருக்கிறது. திங்கட்கிழமைக்குப் பிறகு அதே தெருவில் வாழவேண்டிய கவலை மட்டும் இல்லை. எங்கள் தெருவில் அந்தக் கவலை இரண்டு பெண்களுக்கு இருந்தது. ஒருத்தியைப் பற்றி எனக்கு அன்றே தெரியும். மற்றவளைப் பற்றி, தீர்ப்பு வந்து சில வாரங்கள் கழித்து ஒரு காலையில்தான் தெரிந்தது.

ஆபீஸுக்குப் போகிற வழியில் அக்காவிடம் நின்றிருந்தேன். மூன்றாவது கிராஸ் அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். தாலி அறுத்த நாளிலிருந்து பூ வாங்காதவள். அக்கா பதறி எழுந்தாள்.

“உக்காருடி” என்றாள் அந்த அம்மா. என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் நகரப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“அந்தப் பொட்டலம் ரெண்டு நாளு மல்லியா மணத்துச்சு.”

அக்கா கையிலிருந்த சரம் மடியில் விழுந்தது. காலை முதல் இரவு வரை மல்லிக்கு நடுவிலேயே கிடக்கிற மூக்கு அவளுடையது. அந்த வாசனை அவளுக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. இரண்டு பொட்டலத்திலும் மல்லியை வைத்து, இலையை இறுக்கி மடித்துவிட்டால் போதும் என்று நினைத்திருக்கிறாள். ஊரில் எல்லோருக்கும் மணக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

“ஆத்தா...” என்று அக்கா அந்த அம்மாவின் காலைத் தொடப் போனாள்.

“எந்திரி. உன்னையே கட்டச் சொன்னது யாரு? நான்தானே? ஒருத்தன மண்ணுல வெச்சுட்டேன். இன்னொருத்தன ஜெயிலுக்கு அனுப்பிட்டு நான் யாருக்குடி சோறு ஆக்கறது?” குரல் ஏறவில்லை. “ஆனா மல்லி வெச்சுட்டியேடி. சின்ன வூடு. எங்க ஒளிச்சாலும் மணக்குது. கடைசில அரிசி டப்பால போட்டு மூடினேன்.”

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

“மறுநா சோறெல்லாம் மல்லி வாசன. சின்னவன் வாயில வெச்சுட்டு, இன்னாம்மா இதுன்னு கேட்டான். அம்மன் பிரசாதம்டா, பேசாம துன்னுன்னேன். துன்னான்.”