பெயருக்கு மேல் ஒட்டிய பிளாஸ்திரி

அவளுடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவள் உதைப்பாள். அவள் விட்டாலும் என் சொந்தக்காரர்கள் விடமாட்டார்கள். ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்துப் பழங்குடிகளான எங்கள் வார்ல்பிரி ஜனங்களில் ஒருவர் இறந்தால் அவர் பெயரும் கூடவே போய்விடும். அதே பெயரோடு உயிருடன் இருக்கிறவர்களுக்கும் அந்தப் பெயர் கிடையாது. வருஷம் ஒன்றோ மூன்றோ, துக்கம் ஆறுகிறவரை, அவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர்தான்: குமன்ஜாயி. ஆகவே இந்தக் கதையில் அவள் குமன்ஜாயி.

வயது முப்பத்தாறு. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் எங்கள் மருத்துவ நிலையத்தில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். தெற்கிலிருந்து விமானத்தில் வரும் உளவியலாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கேட்பதை எங்கள் ஆட்களுக்கும் எங்கள் ஆட்கள் சொல்லாமல் விடுவதை அவருக்கும் புரியவைப்பது அவள் வேலை. உளவியலாளர் செவ்வாய்க்கிழமை வருவார், வியாழக்கிழமை போய்விடுவார். அடுத்த மாதம் வேறொருவர் வந்து முதல் கேள்வியிலிருந்து ஆரம்பிப்பார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

ஒருநாள் ஒரு மனிதர் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். காரணம் எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அறையில் தரை துடைத்துக்கொண்டிருந்த ரோஷெல் அவருக்கு மாமியார் முறை. மாமியார் இருக்கிற இடத்தில் மருமகன் நிமிர்ந்து பார்க்க மாட்டான், பேசவும் மாட்டான். வந்திருந்த உளவியலாளர் அதை "கண்ணைப் பார்க்க மறுக்கிறார், பேச மறுக்கிறார், கடுமையான மனச்சோர்வு" என்று எழுதினார். குமன்ஜாயி தாளைப் பிடுங்கி நான்காகக் கிழித்தாள். மறுநாள் அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அவளுடைய பெரியம்மா சிரித்தாள். ரோஷெலைப் பெற்றவள் அவள். குமன்ஜாயியை எடுத்து வளர்த்து, தன் பெயரையே கொடுத்தவளும் அவள்தான்.

"கிழிச்சது போதும்டி. இனிமே எழுதுறவளா நீ இரு. போய், அவங்க புத்தகத்துல நம்மளப் பத்தி என்னதான் எழுதி வச்சிருக்காங்கன்னு பாரு. தப்பா இருந்தா அடிச்சுத் திருத்திட்டு வா."

உளவியலாளராகப் படிக்கும் பழங்குடி மாணவர்களுக்கென்று ஓர் அறக்கட்டளை உதவித்தொகை கொடுத்துவந்தது. விண்ணப்பித்தாள், கிடைத்தது. தெற்கே, கடலோர நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். அந்தத் தொகை நின்றால் படிப்பும் நிற்கும். மறுபடி செவ்வாய்க்கிழமை உளவியலாளருக்குப் பக்கத்து நாற்காலிதான். அதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை. வாயை மட்டும் அடக்கவில்லை.

ஐந்தாம் வருஷம் துக்கத்தைப் பற்றிய பாடம் நடத்தியவர் டாக்டர் லாக்வுட். நல்ல மனிதர், நரைத்த தாடி, தான் படித்ததற்கு வெளியே உலகம் இல்லை என்ற நம்பிக்கை. இறந்தவரின் பெயரைச் சொல்ல மறுப்பவர் இழப்பையே மறுக்கிறார், அவரைப் பெயர் சொல்ல வைப்பதே சிகிச்சையின் முதல் படி என்றார். பரீட்சையில் அதையே கேட்டார். அவள் எழுதினாள்: "எங்கள் ஊரில் ஒரு பெயர் போனால் ஊரே அதைச் சேர்ந்து சுமக்கிறது. அது மறுப்பது அல்ல." அந்தக் கேள்விக்குப் பூஜ்யம்.

தாளோடு அவர் அறைக்குப் போய் நின்றாள்.

"இது உங்க அபிப்பிராயம்," என்றார் லாக்வுட். "ஆதாரம் எங்கே?"

"ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல இருக்கு சார். வந்து எண்ணிப் பாத்துக்கோங்க."

பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது. மற்ற கேள்விகளில் தேறினாள். நோயாளிகளோடு பயிற்சி செய்யும் கடைசி வருஷம் ஒன்றுதான் பாக்கி.

ஜூலை மாதக் குளிரில் பெரியம்மா இறந்தாள். குமன்ஜாயி படிப்பைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தாள். தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டாள், பெண்களோடு உடம்பில் வெள்ளை மண் பூசிக்கொண்டு மூன்று வாரம் தரையில் உட்கார்ந்து அழுதாள். அன்றிலிருந்துதான் அவள் குமன்ஜாயி.

திரும்பிப் போனபோது கடிதம் காத்திருந்தது. கடைசி வருஷத்துக்கான உதவித்தொகை அவளுக்குத்தான். வழங்கும் விழா அக்டோபரில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலேயே, உறவினர்களோடு வரவும். உதவித்தொகை அலுவலகத்தில் இருந்த பிலிப்பாவுக்கு உடனே போன் செய்தாள்.

"மேடையில என் பேரைக் கூப்பிடக் கூடாது. என் பெரியம்மா பேரும் அதேதான். அவங்க இப்ப இல்ல."

"ஐயோ, ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா ஒப்பந்தத்துல இருக்கே? பதிவுல இருக்கற பேரை மேடையில சொல்லித்தான் கொடுக்கணும். ஒரே ஒரு நொடிதானே?"

"அந்த ஒரு நொடியில அவங்க பொண்ணு முன் வரிசையில உக்காந்திருப்பா."

பிலிப்பா தயங்கினாள். "நீங்க ஒத்துக்கலைன்னா, அடுத்த இடத்துல இருக்கறவங்களுக்குப் போயிடும். உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"தாராளமா குடுங்க. அவங்களும் எங்க மாதிரி ஆளுங்கதானே? நாளைக்கு அவங்க வீட்லயும் ஒரு சாவு விழும். அப்ப அதுக்கு அடுத்த ஆளைத் தேடுவீங்களா?"

போனை வைத்தபிறகு ஒப்பந்தத்தை எடுத்து மறுபடி வாசித்தாள். பயம்தான், அதில் வெட்கம் என்ன? ஆறு வருஷப் படிப்பு. இருந்தும் அன்றே ஒரு கடிதம் எழுதினாள், பதில் இல்லாததால் இன்னொன்று, அதற்கும் மேல் ஒன்று. மூன்றுக்கும் "கவனத்தில் கொள்கிறோம்" என்ற ஒரு வரிதான் வந்தது.

அக்டோபர் வெயிலில் மூன்று வண்டிகளில் நாற்பது பேர் கிளம்பினோம். விழா முடிந்ததும் ஆற்று மணலில் சுட்டுத் தின்னக் கங்காரு வால் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தோம். முதல் வண்டியை ரோஷெல் ஓட்டினாள்.

"ஏய் டாக்டரம்மா," என்று வழி நெடுகக் கிண்டல். "நாளைக்கு எனக்குப் பைத்தியம்னு எழுதிடாதே."

"உனக்குத் தனியா எழுத வேற வேணுமாக்கும்?"

மண்டப வாசலில் வண்டி நின்றது. வாசலில் ஓர் ஆள் நீளத்துக்குப் பேனர். உதவித்தொகை பெறும் ஐந்து பேரின் பெயர்கள். கடைசியில், ஒரு சாண் உயர எழுத்தில், ரோஷெலைப் பெற்றவளின் பெயர். அவள் ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். குமன்ஜாயி மட்டும் இறங்கிக்கொள்ள, மூன்று வண்டிகளும் அப்படியே திரும்பி, எதிரே வறண்ட ஆற்றங்கரை மரத்தடியில் போய் நின்றன.

குமன்ஜாயிக்கு வந்த கோபத்தில் காது அடைத்தது. மருத்துவ நிலையத்து நாட்களின் முதலுதவிப் பை இன்னும் எப்போதும் அவளோடு இருக்கும். அதிலிருந்து அகலமான வெள்ளைப் பிளாஸ்திரிச் சுருளை எடுத்தாள். பேனருக்குப் போய், ஒரு எழுத்து விடாமல், வரிசை வரிசையாகப் பெயரின் மேல் ஒட்டினாள்.

பிலிப்பா ஓடிவந்தாள். "என்ன பண்றீங்க! அது அறக்கட்டளையோட பேனர்!"

"பேனர் உங்களோடது. பேர் எங்களோடது."

பிலிப்பா உள்ளே ஓடி, விழாக் குழுவின் தலைவரை அழைத்துவந்தாள். அது லாக்வுட், பல்கலைக்கழகத்தின் சார்பில் வந்திருந்தார். அவர் பிளாஸ்திரியைப் பார்த்தார், எதிரே மரத்தடியில் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தார். உள்ளே நாற்பது நாற்காலிகள் காலி. படம் எடுக்க வந்தவர் சும்மா நின்றுகொண்டிருந்தார். எங்கள் முகங்கள் இல்லாமல் அந்தப் படத்தை என்ன செய்வது?

"நீங்க உள்ள வாங்க. பேசிக்கலாம்," என்றார் லாக்வுட்.

"எப்படிக் கூப்பிடுவீங்கன்னு இங்கயே சொல்லுங்க சார்."

"விதியை மாத்த எனக்கு அதிகாரம் இல்லம்மா."

"எங்க விதியை மாத்த எனக்கும் அதிகாரம் இல்ல. நோயாளி வலிக்குதுங்கறான்னா கைய எடுக்கணும்னு நீங்கதானே பாடம் நடத்துனீங்க? எங்களுக்கு வலிக்குது சார். கைய எடுங்க. முடியாதுன்னா அந்தத் தொகைய நீங்களே வச்சுக்கோங்க. நாங்க ஆத்துல வால் சுடப் போறோம்."

பிலிப்பா கடிகாரத்தைப் பார்த்தாள். லாக்வுட் கையை நீட்டினார். கைகுலுக்கத்தான் நீட்டுகிறார் என்று நினைத்தேன். இல்லை, பிளாஸ்திரியைக் கேட்டார். கையிலிருந்த பட்டியலில் ஒரு துண்டு, சான்றிதழில் ஒரு துண்டு, தானே ஒட்டினார். அதன்மேல் என்ன எழுத வேண்டும் என்று அவளிடம் கேட்டு எழுதிக்கொண்டார்.

ரோஷெல்தான் முதலில் எழுந்தாள். மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, "வாங்க, உள்ள போவோம்," என்றாள். நாற்பது நாற்காலியும் நிறைந்தன.

நான்கு பேர் மேடைக்குப் போய் வந்தார்கள். லாக்வுட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முன்பின் சொல்லிப் பழகாத வார்த்தை. கல்லுக்குக் கல் தாண்டுகிறவர்போல நிதானமாகச் சொன்னார்.

"குமன்... ஜாயி."

எழுந்தது அவள் மட்டும் இல்லை. நடக்க உதவும் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு முதியவள் எழுந்தாள். பின் வரிசையில் கால்பந்துச் சட்டையோடு ஒரு இளம்பெண் எழுந்தாள். ஓரத்தில் பள்ளிக்கூட சமையல்காரி ஒருத்தி எழுந்தாள். பெரியம்மாவின் பெயரை வைத்திருந்தவர்கள், ஜூலையில் அதை இழந்தவர்கள்.

பிலிப்பா பதறினாள். "இதுல யாரு...?"

"என்னைத்தானே கூப்பிட்டாரு?" என்றாள் தள்ளுவண்டிக்காரி. "என் பேரு அதான்."

மண்டபம் சிரித்தது. குமன்ஜாயி மேடையேறினாள். லாக்வுட் சான்றிதழை அவள் கையில் வைத்தார். அதன் நடுவில் வெள்ளைப் பிளாஸ்திரி. கடைசி வருஷம் அவளுக்குத்தான். அவள் வாங்கிக்கொண்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். மூன்று பேரும் இன்னும் உட்காரவில்லை.

"ஆதாரம் கேட்டீங்களே சார். எண்ணிக்கோங்க."

லாக்வுட் உண்மையாகவே எண்ணினார். உதடு அசைந்தது. அவளையும் சேர்த்து நான்கு என்று அவர் விரலை மடக்குகிற நேரத்தில், முன் வரிசையிலிருந்து, அழுத கண்ணோடு ரோஷெல் கத்தினாள்:

"மரத்தடி வண்டியில ஒரு குட்டிக் குமன்ஜாயி தூங்குது. அதையும் சேத்துக்கோங்க!"