புகை திரும்பிய மாரிகாலம்

அந்த இரும்படுப்பு எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா தெருவேலைப் பகுதியில் ஓவசியர். ஊரைவிட்டுப் போன வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவரின் பங்களா ஏலத்தில் அதைக் கண்டு வாங்கியிருந்தார். அம்மாவுக்கு முட்டு வருத்தம். அடுப்புப் புகை பட்டால் மூச்சு இழுக்கும். இனிமேல் புகையே இல்லை என்று சொல்லி, குசினியில் செங்கல் மாடம் கட்டி, அதற்குள் அடுப்பைப் பொருத்தி, கூரைக்கு மேலே புகைக்கூடும் எழுப்பினார். கச்சான் காற்று வீசிய கோடை மாதங்கள் முழுவதும் அது நல்ல பிள்ளையாய் எரிந்தது. பார்க்க வந்த அயலாருக்கெல்லாம் அப்பா ஏதோ பாலத்தைத் திறந்துவைப்பவர்போல அதன் கதவைத் திறந்து காட்டினார்.

பிறகு மாரி தொடங்கியது. வாவிப்பக்கத்து வாடைக்காற்று அம்மாவின் நெஞ்சில் படவே கூடாது, பட்டால் உயிருக்கே ஆபத்து என்று ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயா சொல்லிவிட்டார். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அப்பா குசினி யன்னலுக்குப் பலகை அடித்தார். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்துகளையெல்லாம் சாந்து பூசி அடைத்தார்.

அடுத்த கிழமை புகை திரும்பியது. மேலே போகவேண்டியது அடுப்பின் வாய்வழியே குசினிக்குள் வந்தது. வீட்டுக்குள் பரவாமலிருக்க அம்மா கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தார்.

அப்பா ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். விறகு ஈரம் என்றார். காய்ந்த விறகு வந்தது. கரி அடைத்திருக்கும் என்றார். கயிற்றில் சாக்கைக் கட்டிப் புகைக்கூட்டுக்குள் மேலும் கீழும் இழுத்தார்கள், ஒரு கடகம் கரி விழுந்தது. முகட்டைவிடப் புகைக்கூடு தாழ்வு, காற்று கீழே அமுக்குகிறது என்றார். மேசன் மழையில் ஏறி இரண்டு முழம் உயர்த்தினார். குளிர்ந்த புகைக்கூடு இழுக்காது என்று தென்னோலை கொளுத்திப் பிடித்துச் சூடேற்றியும் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் நாங்கள் எல்லோரும் குசினி வாசலில் நெருக்கியடித்து நிற்போம். புகை சொன்ன சொல் கேட்டு மேலே போகும். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு கந்தோர் வேலைக்குப் போவார். அம்மா கதவைச் சாத்துவார். நான் பள்ளியால் வரும்போது வெளியே வளவில் குந்தியிருந்து இருமிக்கொண்டிருப்பார்.

உதவிக்கென்று தேற்றாத்தீவிலிருந்து வந்திருந்த மாமி, அப்பாவின் அக்கா, இதை நம்பவில்லை. புகை என்றதும் கதவை அகலத் திறந்துகொண்டு வந்து நின்று பேசுவார். பேசி முடிவதற்குள் புகை தெளிந்துவிடும்.

"எங்க புள்ள புகை? எனக்கொண்டும் காணல்லியே," என்பார். பிறகு அப்பாவிடம், "அவக்கு அடுப்படி வேல பிடிக்கல்ல தம்பி, அதுதான் விசயம்."

ஒருநாள் அப்பா அம்மாவிடம் மெல்லக் கேட்டார்: "மெய்யாவே புகையுதா?"

அம்மா அவரைப் பார்த்தார். அதற்குப் பிறகு புகையைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத் தெரியும், நான் கண்டிருந்தேன். ஆனால் பெரியவர்கள் பேச்சில் வாய் கொடுக்கப் பயம். வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும்போதும் அம்மாவின் இழுப்புச் சத்தமே காதில் கேட்டது.

மழை விடாமல் பெய்த ஒரு விடுமுறைநாள் காலை. மாமி பக்கத்து வீட்டில் இருந்தார். குசினிக்குள் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தலைக்குமேல் தொங்கிய புகை மெல்ல இறங்கிவந்தது. அம்மா அகப்பையைப் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தார். இழுப்பு கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. உதடு நீலமாகிவிட்டது.

"கதவ..." என்றார்.

மழைக்கு ஊதியிருந்த கதவு என் பலத்துக்கு அசையவில்லை. கத்தினேன், மழை இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. தணல் கிளறும் இரும்பை எடுத்து யன்னல் பலகையின் இடுக்கில் செருகி, என் முழுப் பாரத்தோடும் தொங்கினேன். அப்பா அடித்த ஆணி லேசில் விடுவதாயில்லை. கடைசியில் அடிப்பலகை முறிந்தது. வாடைக்காற்று மழையோடு முகத்தில் அறைந்தது. எது படவே கூடாது என்றார்களோ அதை நானே உள்ளே விட்டுவிட்டேன்.

பின்னால் அடுப்பு இரைந்தது. திரும்பிப் பார்த்தேன். வெளியே வழிந்துகொண்டிருந்த புகை, யாரோ உள்ளிருந்து இழுப்பதுபோல, அடுப்பின் வாய்க்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவைத் தாங்கி யன்னலடிக்குக் கொண்டுவந்தேன். அவர் அந்த இடைவெளியில் வாயை வைத்து நெடுநேரம் கிடந்தார்.

"பயப்படாத மகள். மூச்சு வருது."

மாமி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். உடைந்த பலகையைக் கண்டு ஏசத் தொடங்கியவர், அம்மாவின் உதட்டைக் கண்டதும் நிறுத்தினார். பிறகு சுடுதண்ணி வைத்து, நெஞ்சைத் தடவிவிட்டபடி பக்கத்திலேயே இருந்தார்.

பின்னேரம் வந்த அப்பா நனைந்த கோட்டோடு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினார். முறிந்த பலகையை இடைவெளியில் வைத்துப் பிடித்தார். சற்று நேரத்தில் அடுப்பு புகையைத் துப்பியது. பலகையை எடுத்தார், புகை மேலே போயிற்று. மூன்று தடவை அப்படிச் செய்தார்.

"காத்து உள்ள வந்தாத்தானே புகை மேல போகும்," என்று தனக்குத்தானே சொன்னார்.

பிறகு மீதிப் பலகைகளை வெறுங்கையால் பிடுங்கினார். விரலெல்லாம் இரத்தம்.

இரண்டு நாட்கள் அவர் என்னோடு பேசவில்லை. என் முகத்தைப் பார்க்கவுமில்லை. கேளாமல் பலகையை உடைத்த கோபம் என்று நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை, சைக்கிளோடு புறப்பட்டவரை வாசல் படலையில் மறித்து, "இனி உடைக்க மாட்டன் அப்பா," என்று அழுதேன்.

அவர் புண்ணான கையை என் தலையில் வைத்து எடுத்துவிட்டு, ஏறி மிதிக்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டே தெருவில் நடந்தார்.

அப்பா என்னை மன்னித்துவிட்டார் என்று அம்மாவிடம் சொல்ல நான் உள்ளே ஓடினேன்.