மூன்றாவது கேள்விக்குப் பதில்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது எனக்கே நடந்தது. பேய் இருட்டில்தான் வரும் என்று எவனோ கதை கட்டிவிட்டான். நான் கேட்டது பட்டப்பகலில். மணி 2.40.

நான் இந்திராணி. ஒரகடத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சி நர்ஸ். அன்று வல்லம் வடகால் கம்பெனி ஒன்றிலிருந்து கவிப்பிரியாவைக் கொண்டுவந்தார்கள். மணிமங்கலத்துப் பெண், அசெம்ப்ளி லைனில் மயங்கி விழுந்தவள். கூட வந்தவள் அதே லைனில் வேலை பார்க்கும் தங்கமாரி. கோவில்பட்டியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவள்.

மயங்கி வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்போம். வீட்டுக்கு அனுப்பலாமா, மானிட்டரில் போட வேண்டுமா என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும். நின்றபடி தலைசுற்றி விழுந்தால் பெரும்பாலும் பயமில்லை. உட்கார்ந்திருக்கும்போதே சரிந்தால் இதயத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

"நின்னியா, உட்கார்ந்திருந்தியா?"

"நின்னுகினுதான் இருந்தேன் சிஸ்டர். காலைல சாப்டல."

"உக்காந்துதான் இருந்தா..."

என் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் குரல். தெற்கத்திப் பேச்சு. தங்கமாரிதான் என்று திரும்பினேன். அவள் வாய் நிறைய பன். மென்றுகொண்டிருந்தாள்.

"நெஞ்சு படபடன்னு அடிச்சுதா?"

"இல்ல சிஸ்டர்."

"அடிச்சிச்சு... அவ சொல்லமாட்டா..."

இந்த முறை காதோரம். திரும்பினால் அங்கே யாரும் இல்லை.

மூன்றாவதையும் கேட்டேன்.

"வீட்ல யாராவது... சின்ன வயசுல... திடீர்னு செத்திருக்காங்களா?"

"யாரும் இல்ல."

"நான்..."

இ.சி.ஜி. நார்மல். அனுப்பிவிடலாம் என்றார் டாக்டர். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். காரணம் கேட்டார். என்னத்தைச் சொல்ல? முறைத்தார், அப்புறம் ராத்திரி வரை மானிட்டரில் வைக்கச் சம்மதித்தார். ஒரு உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டோம் என்று எனக்கு அப்பாடா என்றிருந்தது.

லைனில் ஆள் இல்லை என்று சூப்பர்வைசர் போன் மேல் போன். கவிப்பிரியாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தங்கமாரி கம்பெனி வண்டியில் திரும்பிப் போனாள்.

நான் கட்டிலை விட்டு நகரவில்லை. டிக்... டிக்... ஒரு துடிப்புகூடத் தப்பவில்லை.

5.10. வாசலில் ஆம்புலன்ஸ்.

ஸ்ட்ரெச்சரில் தங்கமாரி.

அழுத்தினோம். ஷாக் கொடுத்தோம். மறுபடி அழுத்தினோம்...

வரவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சரிந்தாளாம். காலையில் கம்பெனி பஸ்ஸிலும் அப்படியே சாய்ந்திருக்கிறாள். வலிப்பு என்று நினைத்து, கூட வந்த பெண்கள் அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள். கண் விழித்ததும், தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோர் வாயையும் அவளே அடைத்திருக்கிறாள். கவிப்பிரியா அழுதுகொண்டே சொன்னாள்.

மறுநாள் தங்கமாரியின் அம்மா சொர்ணம்மாள் வந்தார். அழவும் தெம்பில்லை. தண்ணீர் கொடுத்து, வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டேன்.

"மூத்தவ இருந்தா. தீப்பெட்டி ஆபீஸ்ல உக்காந்த எடத்துலயே போயிட்டாம்மா. பத்தொம்பது வயசு."